சில்வர் ஓக்கில் ஒரு டேஷ்போர்டு

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் நான்கு ஆண்டுகளாக நான் உருவாக்கிவரும், எம்.ஜி. நிறுவனத்தின் பழைய டி.சி. காரின் சாயலிலான காருக்குச் சென்ற மாதம் டேஷ்போர்டைப் பொருத்தி முடித்தேன். சேசிஸுக்கும் பாடிக்கும் செலவிட்ட உழைப்பு பெரியதுதான் என்றாலும், ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகமான நீளமுள்ள இந்த ஒரு பலகை மட்டும் பதினொரு மாதங்களை எடுத்துக்கொண்டது. அந்தப் பதினொரு மாதங்களில் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

டி.சி. என்பது இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945இல், இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 1949 வரை ஏறத்தாழ 10,000 கார்கள் வெளிவந்தன. ஆஷ் மரச் சட்டத்தின் மேல் இரும்புத் தகடு போர்த்திய உடல், 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள், 1,250 சி.சி. இன்ஜின் என்பவை அதன் அடையாளங்கள். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான வண்டிகள்கூட வலப்பக்க ஸ்டீயரிங்குடன்தான் போயின. அதன் டேஷ்போர்டில் என்னை முதலில் ஈர்த்தது மீட்டர்களின் வரிசைதான். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருப்பது இன்ஜினின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டர், ஸ்பீடோமீட்டரோ இடப்பக்கத்தில், உடன் வருபவரின் முன்னால் இருக்கிறது. இங்கிலாந்தில் 1935 முதல் ஊர்ப்பகுதிகளுக்கு 30 மைல் வேக வரம்பு இருந்ததால், அந்த வேகத்தை ஓட்டுநருக்கு நினைவூட்ட ஒரு சிறு விளக்கையும் வைத்தார்கள்.

இந்த வரிசையை மாற்றி, ஸ்பீடோமீட்டரை என் முன்னால் கொண்டுவரும்படி நண்பர்கள் பலர் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. சமவெளியில் வண்டி ஓட்டுகிறவருக்கு வேகம் முதல் கேள்வியாக இருக்கலாம். மலையில் அப்படி இல்லை. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் இறங்கிப் பழகிய எவருக்கும், வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக்கை விட இன்ஜின்தான் என்பது தெரியும். ஏறும்போது இன்ஜின் திணறுகிறதா, இறங்கும்போது அளவுக்கு மீறிச் சுற்றுகிறதா என்பதைச் சொல்லும் மீட்டர் கண்ணுக்கு நேரே இருப்பதே இந்த மண்ணுக்குப் பொருத்தமானது. எங்கோ ஆபிங்டனில் வகுத்த வரிசை நீலகிரிக்காகவே வகுத்ததுபோல் இருக்கும்போது, அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் வண்டியின் இன்ஜின், அப்பா கோத்தகிரி டாக்சி ஸ்டாண்டில் பல ஆண்டுகள் ஓட்டிய அம்பாசிடரிலிருந்து வந்தது. பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வடிவமைத்த அந்த 1,489 சி.சி. பி-சீரிஸ் இன்ஜினின் குடும்பம்தான் டி.சி.க்குப் பின்னால் வந்த எம்.ஜி.ஏ. காரையும் இயக்கியது, ஆகவே உறவு அவ்வளவு தூரமானதல்ல. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பதால், இந்தக் காரை ஒரு நண்பரின் தேயிலை எஸ்டேட்டுக்குள் இருக்கும் தனிவழியில் மட்டுமே ஓட்டுகிறேன்.

இனி மரத்துக்கு வருகிறேன். அசல் டி.சி.யில் பிளைவுட்டின் மேல் ரெக்சின் போர்த்தியிருப்பார்கள். வரிசையில் அசலை மீறாத நான் மேற்பரப்பில் மட்டும் மீறினேன். எங்கள் ஊரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள்தான் கண்ணில் படும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரமானாலும், தலைமுறைகளாக இந்தச் சரிவுகளில் வளர்ந்து எங்கள் மரமாகிவிட்டது. பெட்டி அடிக்கவும் விறகுக்கும்தான் ஆகும் என்று பலர் அதைத் தாழ்வாகப் பேசுகிறார்கள். அறுக்கும் முறை தெரியாததால் வரும் பேச்சு அது. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் தளத்தில் அறுத்தால், இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த பரப்பில் கெண்டை மீனின் செதில்களைப்போல் பளபளக்கும் புள்ளிகள் வரிசை வரிசையாக எழும்பி வரும். பலகையைச் சற்றே சாய்த்தால் ஒளி அந்தச் செதில்களின் மேல் ஓடும். வால்நட் மரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தாலும் இந்த அழகு கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

முறையான அனுமதியோடு வெட்டிய ஒரு மரத்தின் அடித்துண்டை மர மில்லில் கொடுத்து, இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஏடுகளாக அறுத்து வாங்கினேன். ஏடுகளுக்கு இடையே குச்சிகள் வைத்து அடுக்கி, மேலே கல்லேற்றி, மூன்று மாதங்கள் நிழலில் உலர விட்டேன். ஒரு எச்சரிக்கை: சில்வர் ஓக்கின் தூளும் சாறும் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பை உண்டாக்கும். முதல் நாள் அரைக்கைச் சட்டையோடு உப்புத்தாள் போட்ட எனக்கு முழங்கை வரை தடித்துப்போய், தணிய ஒரு வாரம் ஆனது. முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த மரத்தைத் தொட வேண்டாம்.

முதல் பலகை வீணானதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்டின் முன்பக்கத்தில் மட்டும் ஏடுகளை ஒட்டி, இரண்டு நாள் கிளாம்ப் போட்டு எடுத்தபோது கண்ணாடிபோல் தட்டையாக இருந்தது. அது செப்டம்பர் மாதம். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபர் பிறந்ததும் கொட்டகைக்குள்ளேயே மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஈரத்தில் என் பலகை மெல்ல மெல்ல வளைந்து, தீபாவளிக்குள் நடுவில் ஒரு விரல்கடை அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. எங்கள் தெருவில் இருக்கும் வயதான ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: “ஒரு பக்கத்துக்கு மட்டும் சட்டையைப் போட்டுட்டு மறுபக்கத்தை வெறும் உடம்பா விட்டிருக்கீங்களே தம்பி, மழைக்கு அது சுருட்டிக்காம என்ன செய்யும்?”

அவர் சொன்னதன் விளக்கம் இதுதான். மரம் தன் நரம்போட்டத்தின் நீளவாக்கில் அதிகம் நீளாது, சுருங்காது. குறுக்கே மட்டும்தான் ஈரத்தைக் குடித்து விரியும், உலர்ந்து சுருங்கும். ஒரு முகத்தில் மட்டும் ஏடு இருந்தால் அந்த முகத்தின் இழுவைக்கு ஈடுகொடுக்க எதிர்முகத்தில் எதுவும் இல்லாததால் பலகை வளைந்தே தீரும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்திலும் அதே மரத்தை, அதே கனத்தில், அதே திசையில் ஒட்ட வேண்டும். இரண்டாவது பலகையை அப்படியே செய்தேன். ஒரு முழு மழைக்காலத்தைக் கடந்தும் அது இம்மியும் அசையவில்லை. பின்முகத்துக்கும் வெட்டிய துளைகளின் உள்விளிம்புக்கும் முன்முகத்துக்குப் பூசிய அதே வார்னிஷைப் பூசியதற்கும் அதில் பங்கு உண்டு.

பூச்சைப் பொறுத்தவரை, அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்ச் பாலிஷின் மென்மையான ஒளி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஈரம் பட்டால் அது வெளுத்துப் பூத்துவிடும் என்பதால், கூரை திறந்த காருக்கு ஆகாது. முதலில் ஒரே ஒரு கை அரக்கு கொடுத்துச் செதில்களை எழுப்பி, அதன் மேல் ஆறு கை பாலியுரித்தேன் வார்னிஷ் கொடுத்தேன்.

துளைகளை வெட்டும் வேலையில் அவசரம் கூடாது. சிறிய மீட்டர்களுக்கு 52 மில்லிமீட்டர் துளை போதும். அதற்குரிய ஹோல் சா என்ற வட்ட ரம்பம் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். இரண்டு பெரிய மீட்டர்களுக்கும் முதலில் அட்டையிலும், பிறகு மலிவான பிளைவுட்டிலும் அச்சு வெட்டி, மீட்டரை வைத்துப் பார்த்து, ஸ்டீயரிங் வளையத்தின் ஊடாக எண்கள் மறையாமல் தெரிகின்றனவா என்று இருக்கையில் உட்கார்ந்து சரிபார்த்த பிறகே நல்ல பலகையில் ரவுட்டர் என்ற மரம் குடையும் இயந்திரத்தை ஓட்டினேன். மேல்விளிம்பில் ஏடு சிலும்பாமல் இருக்க, வெட்டும் கோட்டின் மேல் காகித நாடாவை ஒட்டிக் கூர்மையான கத்தியால் ஒருமுறை கீறிக்கொள்வது நல்லது.

அசல் டி.சி.யில் ஆர்.பி.எம். மீட்டர், டைனமோவின் பின்முனையிலிருந்து ஒரு கேபிள் வழியாகச் சுழலும். என் இன்ஜினில் டைனமோவுக்குப் பதிலாக இருப்பது ஆல்டர்னேட்டர் என்பதால் அந்த வழி இல்லை. கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையொன்றில், நான்கு சிலிண்டர் காரிலிருந்து கழற்றிய ஒரு எலெக்ட்ரானிக் மீட்டர் கிடைத்தது. அதன் உள்ளுறுப்பை மட்டும் எடுத்து, பழைய பித்தளை விளிம்புள்ள கூட்டுக்குள் அமர்த்தினேன். முகத்தின் எண்களை எழுதிக் கொடுத்தவர், ஒரு காலத்தில் பஸ்களுக்கு ஊர்ப்பெயர்ப் பலகை எழுதிய ஓவியர். கறுப்பின் மேல் வெண்ணெய் நிறத்தில், முடி அளவு தூரிகையால், பூதக்கண்ணாடியின் உதவியோடு இரண்டு பிற்பகல்கள் எழுதினார். அவருடைய ‘3’ எண்ணின் கீழ்வளைவில் ஒரு சிறிய மிதப்பு இருக்கிறது. எந்த அச்சு எழுத்திலும் அதை நான் கண்டதில்லை.

முள் சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நான்கு ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி; ஆக, நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 துடிப்பு. நம் வீட்டு மின்சாரமோ நொடிக்கு 50 முறை அலைகிறது. ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றே ஒன்றை வைத்து வரும் 50 துடிப்பை மீட்டருக்குக் கொடுத்தால் முள் 1,500இல் நிற்க வேண்டும். நான்கு டயோடு வைத்து 100 ஆக்கினால் 3,000இல் நிற்க வேண்டும். இந்த இரண்டு இடங்களிலும் முள்ளை நிறுத்திப் புள்ளி வைத்த பிறகே ஓவியரிடம் முகத்தைக் கொடுத்தேன்.

ஸ்பீடோமீட்டர் மட்டும் இன்றும் கேபிளில்தான் ஓடுகிறது. கேபிளின் முனையில் ஒரு காந்தம் சுழல, அதைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணம் அந்தச் சுழற்சியால் இழுக்கப்பட்டு, மயிரிழை போன்ற சுருள்வில்லை எதிர்த்து முள்ளைத் திருப்புகிறது. எனக்குக் கிடைத்த மீட்டரின் முகத்தில் 1000 என்று பொடி எழுத்தில் இருந்தது. ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் ஆயிரம் சுற்று சுற்ற வேண்டும் என்பது அதன் பொருள். என் கியர்பாக்ஸ் எத்தனை சுற்றுகிறது என்று பார்க்க, கேபிள் முனையில் ஒரு காகிதக் கொடியை ஒட்டி, வண்டியை 20 மீட்டர் தள்ளி எண்ண வேண்டியிருந்தது. கோத்தகிரியில் 20 மீட்டர் சமதளம் கிடைப்பது எளிதல்ல. கடைசியில் எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரி முற்றத்தில் அது கிடைத்தது. இருபது சுற்றுக்குப் பதிலாகப் பதினாறேகால் சுற்றுதான் வந்தது. அப்படியே விட்டிருந்தால் உண்மையில் 60இல் போகும்போது மீட்டர் 49 என்று காட்டியிருக்கும். 32க்கு 26 பல் கொண்ட இரண்டு சிறு பற்சக்கரங்களைக் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வெட்டி வாங்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டிக்குள் வைத்துக் கேபிளின் நடுவே இணைத்ததும் கணக்கு நேரானது.

ஒயரிங்கில் மரப் பலகைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தகர டேஷ்போர்டில் மீட்டரைத் திருகினாலே பாடி எர்த் கிடைத்துவிடும். மரத்தில் மின்சாரம் திரும்பிப்போக வழியே இல்லை. நான் முதலில் எல்லா மீட்டர்களையும் ஒரே மெல்லிய ஒயரால் கோர்த்து எர்த் கொடுத்திருந்தேன். இண்டிகேட்டரைப் போட்டதும், அந்த விளக்கு மின்னும் தாளத்துக்கு ஏற்ப பெட்ரோல் முள்ளும் ஏறி இறங்கத் தொடங்கியது. விளக்குகளின் மின்சாரமும் அதே மெல்லிய ஒயர் வழியாகத் திரும்பியதுதான் காரணம். பலகையின் பின்புறம் ஒரு செப்புப் பட்டையைப் பதித்து, ஒவ்வொரு மீட்டரிலிருந்தும் தனித்தனி ஒயரை அதற்குக் கொண்டுவந்து, பட்டையிலிருந்து சேசிஸுக்கு ஒரு தடித்த ஒயரைக் கொடுத்த பிறகு முள் அசையாமல் நின்றது.

நடுவில் ஆயில் அழுத்தம், பெட்ரோல், வோல்ட், தண்ணீரின் வெப்பம் ஆகிய நான்கும் இருக்கின்றன. வெப்ப மீட்டரை ஓட்டுநருக்கு மிக அருகில் வைத்தேன். உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், மலையில் இந்த முள்ளுக்குச் சமவெளியில் இருப்பதைவிட மதிப்பு அதிகம். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் கொதிநிலையை உயர்த்தித் தரும்தான்; ஆனால் அந்த மூடி தளர்ந்துவிட்டால் முதலில் சொல்லப்போவது இந்த முள்தான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக எஸ்டேட் வழியில் மகளை அருகில் உட்காரவைத்து ஓட்டினேன். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முள் 2,500ஐத் தொட்டு நின்றது. மரங்களின் ஊடாக வந்த வெயில், பலகையில் செதில் செதிலாக ஓடியது. ஸ்பீடோமீட்டர் தன் முன்னால் இருப்பதால் அதைப் படிப்பது தன் பொறுப்பு என்று அவளே எடுத்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு, “இருபத்தெட்டு அப்பா”, “முப்பத்தொண்ணு அப்பா” என்று ஃபேக்டரி வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.