முப்பத்தைந்து வயதில் ஜூடோ: மண்டபத்தில் இருந்து ஓர் அனுபவம்

மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அக்கா மகனை ராமநாதபுரத்தில் ஜூடோ வகுப்பில் சேர்த்துவிடப் போனேன். அவன் சீக்கிரமே நின்றுவிட்டான், நான் நிற்கவில்லை. "வயசெல்லாம் பரவாயில்லண்ணே, விழும்போது தாடைய மட்டும் நெஞ்சுல ஒட்டி வச்சுக்கங்க" என்றார் மாஸ்டர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எனக்கு அவர் மாஸ்டர்.

ஆரம்பத்தில் விழுவதற்கு மட்டும்தான் பயிற்சி. பின்பக்கம் விழும்போது கண் நம் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். அப்போது தாடை தானாக நெஞ்சில் ஒட்டும், பின்மண்டை தரையில் அடிக்காது. கையை உடம்பில் இருந்து சற்று விலக்கி, உள்ளங்கையில் இருந்து மேலே மொத்தமாகத் தரையில் அறைய வேண்டும். கையை ஊன்றித் தப்பிக்கத்தான் யாருக்கும் தோன்றும். அப்படி ஊன்றினால் மணிக்கட்டு போகலாம், காறை எலும்பும் போகலாம்.

இதை அரியமான் கடற்கரையிலும் பழகினோம். பயம் தெளிய மணல் நல்லதுதான். ஆனால் கை தாமதமாக அறைந்தால் மணலில் தெரியாது, மேட் மீது உடனே தெரிந்துவிடும். கால் புதைவதால், எதிராளியின் காலைத் தட்டிவிடுகிற எறிகளையும் அங்கே பழக முடியாது. மேட் இல்லாத இடத்தில் ஜூடோ கற்றுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் போக மாட்டேன்.

வகுப்பில் பாதிப் பேர் கபடி ஆடி வந்தவர்கள். நெருங்கினாலே குனிந்து காலைப் பிடிக்கப் போவார்கள். ஜூடோவில் நின்று ஆடும்போது பெல்ட்டுக்குக் கீழே கையால் பிடிப்பதற்கு 2010-ல் கட்டுப்பாடு வந்தது, 2013-ல் முழுத் தடையே வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தை விட அவர்கள் பட்ட பாடு பெரிது. எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. எந்த விளையாட்டுப் பழக்கமும் இல்லாமல் போனதில் கிடைத்த ஒரே லாபம் அது.

என் சிக்கல் வேறு. கழுத்துப் பட்டியையும் சட்டைக் கையையும் பிடித்ததுமே என் இரண்டு கையும் கம்பு மாதிரி விறைத்துக்கொள்ளும். தள்ளித் தள்ளியே மூச்சு வாங்கிவிடும், எறி ஒன்றும் வராது. இந்த இடத்தில்தான் பலரும் நின்றுபோகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவன் அப்பாவோடு கரைவலை இழுத்து வளர்ந்த ஒரு தம்பி. ஆள் ஒல்லி. ஆனால் அவன் இழுத்தால் நான் நுனிக்காலில் நிற்பேன். எப்படிடா என்றால், "கையால எங்கண்ணே இழுக்குறேன்? சாஞ்சு பின்னால நடக்குறேன், அவ்வளவுதான்" என்றான். கரைவலைக் கயிற்றையும் அப்படித்தான் இழுப்பார்கள். கை வெறும் கொக்கி, இழுப்பது உடம்பு.

மாஸ்டர் இதையே கண்ணை மூடிப் பழக வைத்தார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய கபில் பர்மாரை உதாரணம் காட்டினார். பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் ஜூடோவில் இருவரும் பிடி போட்ட பிறகுதான் ஆட்டமே தொடங்கும். கண்ணை மூடிப் பிடித்தபோது எனக்கும் மெல்லப் புரிந்தது: கை தளர்ந்திருந்தால்தான் எதிராளியின் பாரம் எந்தக் காலுக்கு மாறுகிறது என்பது துணி வழியாகத் தெரியும்.

அப்புறம்தான் ஒசோட்டோகாரி என்ற எறி வந்தது. எதிராளியின் பாரத்தை அவனது வலது குதிகாலுக்குச் சாய்க்க வேண்டும். நம் இடது காலை அந்தக் கால் அருகே வைத்து, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, வலது காலால் அவன் காலைப் பின்னாலிருந்து வாரிவிட வேண்டும். பாரம் சாயும் முன்பே காலை வீசினால் விழுவது நாம்தான். அந்தத் தம்பி என்னைப் பலமுறை அப்படித் திருப்பிப் போட்டிருக்கிறான். விழப் பழகியிருந்ததால் எழுந்து மறுபடி பிடிக்க முடிந்தது. விழப் பயந்தவர்கள் எறியவும் தயங்குவதை வகுப்பிலேயே பார்த்தேன்.

நான் அதிகம் தேறியது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஐஸ் கம்பெனியில் வேலை குறைவு, படகில் போகிற பையன்களும் கரையில் இருப்பார்கள். விதவிதமான எடையில் ஆள் கிடைத்தது. வெயில்தான் கொடுமை, தண்ணீரோடு உப்பும் எலுமிச்சையும் இல்லாமல் மேட் ஏறாதீர்கள். வாடைக்காலத்தில் வேறு தொல்லை. கனத்த பருத்தி டிரெஸ் ஈரக்காற்றில் காயவே காயாது, கழுத்தெல்லாம் புண்ணாகும். இரண்டு செட் வைத்துக்கொள்வது நல்லது. நகத்தை ஒட்ட வெட்டாமல் போனால் மாஸ்டர் வெளியே அனுப்பிவிடுவார், அது சரிதான்.

தாமதமாகச் சேர்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தரைப் பிடிகளை முதலில் பழகுங்கள். எதிராளியை மல்லாக்க 20 விநாடி அமுக்கி வைத்தாலே ஆட்டம் முடிந்தது, முழு வெற்றி. முழங்காலுக்கும் அடி குறைவு. 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோவும் சிறிய உடம்புக்காரர்தான்.

ஆரஞ்சு பெல்ட் தேர்வு முடிந்துவிட்டது. விழுந்து காட்டச் சொன்னார்கள், சில எறிகள், இரண்டு பிடிகள், அவ்வளவே. பெல்ட் நிறத்துக்கு நம் ஆட்கள் கொடுக்கிற மரியாதை கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். எனக்கு இடது பக்கமாக ஒரு எறிகூட இன்னும் வரவில்லை. அடுத்த தடைக்காலத்துக்கு அதைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.