பட்டுத் துணியோடு வந்த வண்டு: பார்சல் பிரித்ததிலிருந்து பணம் திரும்பியது வரை

ஆன்லைனில் துணி வரவழைத்துத் தைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோவையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன், பிளவுஸ், குர்தா, கொஞ்சம் ஸ்டோல். கைத்தறி மட்கா சில்க், எரி சில்க் எல்லாம் இங்கே கடைகளில் நினைத்த நிறத்தில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது, அதனால் வடக்கே இருந்து மீட்டர் கணக்கில் வெட்டி அனுப்புகிறவர்களிடம் வாங்குவது வழக்கம். நிறம் மாறி வந்திருக்கிறது, அரை மீட்டர் குறைந்தும் வந்திருக்கிறது. உயிரோடு எதுவும் வந்ததில்லை.

இந்த மழைக்காலத்தில் வந்தது. அட்டை உருளையில் சுற்றிய அரக்கு நிற மட்கா, அதன் மேல் எரி, வெளிச்சுற்றாக லைனிங்குக்குச் சொல்லியிருந்த மல் காட்டன். விரித்துக்கொண்டே போகும்போது மட்காவின் கரையோரத்திலிருந்து மணல் மாதிரி பொடி உதிர்ந்தது. கோடவுன் தூசியாக இருக்கும் என்று தட்டப் போனவள் பொடியின் நிறத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். துணி அரக்கு, பொடியும் அதே அரக்கு. தூசிக்கு யார் சாயம் போட்டார்கள்? நூலைத் தின்கிற புழு சாயத்தைச் செரிக்காமல் அப்படியே வெளியே தள்ளிவிடும், அதனால் அதன் எச்சம் துணியின் நிறத்திலேயே இருக்கும். இதைத் தெரிந்து வைத்திருந்தால் ஓட்டை கண்ணில் படுவதற்கு முன்பே விஷயம் பிடிபட்டுவிடும்.

இன்னும் ஒரு சுற்று பிரித்தேன். மடிப்புக்குள் நாலைந்து மில்லிமீட்டர் நீளத்தில் பழுப்பு வரி போட்ட, உடம்பெல்லாம் மயிர் முளைத்த புழு ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே அது கழற்றிப் போட்ட சட்டைகள். தொட்டால் நொறுங்குகிற வெற்றுத் தோல், ஆனால் மயிர் அப்படியே இருக்கிறது. அந்த மயிர் பட்டாலே சிலருக்கு அரிக்கும், எனக்கு முழங்கை வரைக்கும் அரித்தது.

அதற்கு மேல் பிரிக்கவில்லை. தையல் அறையில் வாடிக்கையாளர்கள் ஃபால்ஸ் வைக்கவும் பிளவுஸ் தைக்கவும் கொடுத்த பட்டுப் புடவைகள் தொங்குகின்றன, அதில் ஒன்று ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவை. இந்தத் துணி வீணாய்ப் போனால் போகட்டும், அந்தப் புடவையில் ஓட்டை விழுந்தால் நான் எந்த முகத்தோடு போய் நிற்பது? நல்லவேளை, பார்சலை எப்போதும் வெளி வராந்தாவில் வெள்ளை பெட்ஷீட் விரித்துத்தான் பிரிப்பேன், சீலை உடைப்பதற்கு முன்பிருந்தே போனில் வீடியோ ஓடும். அளவு குறைந்து வந்த சண்டையில் கற்றுக்கொண்ட பழக்கம். இரண்டு புழு, ஒன்றிரண்டு தோல், கொஞ்சம் பொடி, இவற்றைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடினேன். ஓட்டை விழுந்த இடங்களில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் போட்டோ எடுத்தேன். அப்புறம் அட்டை உருளை, பேக்கிங் கவர் எல்லாவற்றையும் சேர்த்து கனமான பாலிதீன் பைக்குள் திணித்து வாயை டேப் போட்டு ஒட்டி வராந்தாவிலேயே வைத்துவிட்டேன். பெட்ஷீட்டை அப்படியே சுருட்டிக் கொதிக்கிற வெந்நீரில் போட்டேன்.

பார்த்தவர்கள் எல்லோரும் அந்துப்பூச்சி என்றார்கள். எங்கள் தெருவில் வேளாண் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள், அவளிடம் குப்பியைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே சொன்னாள்: "அந்து இல்லைங்க அக்கா, வண்டுப் புழு. கார்ப்பெட் பீட்டில் வகை. எங்க பூச்சி மியூசியத்துல பாடம் பண்ணி வெச்சிருக்கிற பூச்சியையே தின்னுட்டுப் போயிரும், எங்களுக்கும் இவன்தான் வில்லன்." அந்துப்புழு என்றால் வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக இருக்குமாம், தின்கிற இடத்தில் மெல்லிய நூலாம்படை கட்டுமாம். சுவரில் வெள்ளரி விதை மாதிரி ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் தலை நீட்டுகிற, கூட்டோடு நகர்கிற புழு நம் வீடுகளில் எல்லாம் உண்டே, அதுவும் அந்து இனம்தான். காட்டனில் கஞ்சி போட்ட இடத்தை மட்டும் சுரண்டியிருந்தால் அது இராமபாணப் பூச்சி.

எது என்று தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்கு இல்லை, அதை வைத்துத்தான் எங்கே தேட வேண்டும் என்பது தெரியும். இந்த வண்டுப் புழுவுக்கு உரோமம், பட்டு, இறகு, தோல் என்று விலங்கிலிருந்து வருகிற பொருள்தான் சாப்பாடு. பட்டுக்கூடு சேமிக்கிற இடங்களில் இந்த வண்டுக் குடும்பம் பழைய தலைவலி. மட்கா நூலையே பட்டுப்பூச்சி வெளியேறிய ஓட்டைக் கூடுகளிலிருந்துதான் நூற்கிறார்கள், கூட்டின் இயற்கைப் பசையையும் முழுக்க நீக்குவதில்லை. அதனால் ஒரு சந்தேகம், இது கூரியரில் ஏறிய வண்டே இல்லை, விற்பனையாளரின் கோடவுனில் பல மாதமாகக் குடியிருந்ததாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை சட்டை கழற்ற அதற்கு அவ்வளவு காலம் வேண்டும். வெளிச்சுற்றில் இருந்த மல் காட்டனில் தோல் கிடந்தது, ஒரு ஓட்டைகூட இல்லை. சுத்தமான பருத்தியை இது தொடுவதில்லை. சாப்பாட்டுக் கறையோ வியர்வையோ பட்டிருந்தால்தான் கடிக்கும்.

சரி, கொல்வது எப்படி? ஸ்ப்ரே அடி என்றார்கள். பட்டின் மேல் அடித்தால் கறை நிற்கும், மடிப்புக்குள் இருக்கிற முட்டைக்கு எட்டாது. வெயிலில் போடு என்றார்கள், மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது, போனாலும் நேர்வெயில் பட்டின் சாயத்தையும் நூலையும் கெடுத்துவிடும். வெந்நீர் காட்டனுக்குச் சரி, 60 டிகிரியில் அலசினால் முட்டை உட்பட எல்லாம் போய்விடும், மட்காவை அந்தச் சூட்டில் போட்டால் துணியும் போய்விடும். மிச்சம் இருந்தது குளிர்தான். மியூசியங்களில் பழைய துணிகளுக்கு இதைத்தான் செய்கிறார்கள். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம்.

வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் இதற்கு ஆகாது. உருளை நுழையாது, நாளுக்குப் பத்துத் தடவை கதவு திறக்கும், கரண்ட் வேறு போய்ப் போய் வரும். குளிர் மெதுவாக இறங்கினால் பூச்சி அதற்குப் பழகிக்கொள்ளும், சட்டென்று உறைய வேண்டும். அதனால் தெருமுனை ஐஸ்கிரீம் கடைத் தம்பியிடம் போனேன். மழைக்காலத்தில் அவருடைய இரண்டாவது டீப் ஃப்ரீசர் முக்கால்வாசி காலியாகத்தான் ஓடும்.

"ஏனுங்கக்கா, ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள துணிங்களா? அதுவும் பூச்சி புடிச்சதா?"

"மூணு கவர் போட்டு டேப் ஒட்டியிருக்குதுங்க தம்பி, காத்துக்கூட வெளிய வராது. சரக்கு இல்லாத பொட்டியில வெச்சாப் போதும்."

அவர் யோசித்தார். கடைசியில் அவர் வீட்டம்மாவுக்கு தீபாவளிக்கு இரண்டு பிளவுஸ் தைத்துத் தருவது என்று பேசி முடிந்தது. அந்தப் பெட்டியை முழுக்கக் காலி செய்துவிட்டு, நான் கொண்டுபோன தெர்மாமீட்டரையும் உள்ளே போட்டு, மைனஸ் 20 காட்டுவதைப் பார்த்த பிறகுதான் பையை வைத்தேன்.

செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: வைக்கும் முன் பைக்குள் இருக்கிற காற்றை முடிந்தவரை அழுத்தி வெளியேற்றி நன்றாக ஒட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் ஆசைப்பட்டுப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்க வேண்டும், குளிர்ந்த பைக்கு வெளியே வியர்க்கும், அந்த ஈரம் பையின் மேல்தான் படிய வேண்டும், பட்டின் மேல் இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று உறைய வைக்கலாம், நான் அப்படித்தான் செய்தேன். மணி, கல், பெயின்டிங் வேலைப்பாடு உள்ள துணியை இதற்குள் போட வேண்டாம். ஃப்ரீசருக்கு முன்பே விற்பனையாளருக்கு, பரவாமல் இருக்க இப்படி வைக்கிறேன், துணி வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு நீங்களே கெடுத்தீர்கள் என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது.

அவர்கள் பதில் அழகாக இருந்தது. கைத்தறித் துணியில் சின்னச் சின்னக் குறை இருப்பது இயல்பு, அதுதான் அதன் தனித்தன்மை, மேலும் வெட்டிய துணிக்கு ரிட்டர்ன் கிடையாது. கைத்தறியை வைத்து இப்படி ஒளிந்துகொள்வதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நெசவுக் குறை எப்படி இருக்கும் என்று தறிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: நூல் தடித்திருக்கும், ஒரு ஊடை (குறுக்கு நூல்) விட்டுப் போயிருக்கும், பாவு (நீள நூல்) அறுந்து முடிச்சு விழுந்திருக்கும், எப்படியானாலும் அது நூல் ஓடுகிற நேர்கோட்டிலேயே இருக்கும். பூச்சி தின்றது அப்படி இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பாவும் ஊடையும் சேர்ந்தே கடிபட்டு, நுனிகள் கொறித்துவிட்ட மாதிரி மொட்டையாக நிற்கும். ஓட்டையைச் சுற்றி மேல் பரப்பு மட்டும் மேய்ந்து மெலிந்திருக்கும், கையில் தூக்கிப் பிடித்தால் அந்த இடம் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். உருளையில் சுற்றியிருந்தபோது ஒரே புழு அடுத்தடுத்த சுற்றுகளைத் துளைத்திருந்தது, விரித்தால் சீரான இடைவெளியில் ஓட்டை வரிசை. இந்த வரிசையைப் போட்டோவில் காட்டி, எந்தத் தறியில் இப்படி நெய்வீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

அடுத்ததாக விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் மறுக்கவும் முடியாது, வெட்டிய துணிக்கு ரிட்டர்ன் கிடையாது என்று அவர்கள் தளத்தில் எழுதி வைத்திருப்பது இந்த விதிக்கு மேல் இல்லை. இதை அப்படியே இரண்டு வரியில் எழுதி வீடியோவையும் போட்டோக்களையும் சேர்த்தேன். அங்கேயும் இழுத்தடித்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை இரண்டு பக்கமும் அனுப்பிய பிறகுதான் விற்பனையாளர் போனில் வந்தார், குரலே மாறியிருந்தது. இதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 2019 சட்டத்தின்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. எனக்கு அந்த வேலை வைக்கவில்லை. மட்காவுக்கும் எரிக்கும் பணம் வந்தது, துணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வண்டு வந்த துணியைத் திரும்ப வாங்க அவர்களுக்கும் மனமில்லை போலிருக்கிறது. காட்டனுக்குப் பணம் தரவில்லை, நானும் கேட்கவில்லை, அது நன்றாகத்தான் இருந்தது. மட்காவுக்குச் சொல்லியிருந்த வாடிக்கையாளரிடம் நடந்ததைச் சொல்லி உள்ளூரில் கிடைத்த வேறு நிறத்துக்குச் சம்மதிக்க வைத்தேன். உறைந்து வந்த துணியைப் பிரஷ் போட்டு, அலசி, ஓட்டை இல்லாத பகுதிகளை வெட்டி பவுச்சாக்கினேன்.

நடுவில் வீட்டையும் சும்மா விடவில்லை. வளர்ந்த வண்டு துணியைத் தின்னாது, பூந்தேன், மகரந்தம்தான் அதற்கு, அதனால் வெளிச்சம் தேடி ஜன்னல் பக்கம் வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டரில் உருண்டையாக, வெள்ளையும் பழுப்பும் புள்ளி போட்டிருக்கும். ஜன்னல் திட்டுகளைத் தினமும் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பீரோ இடுக்கு, தையல் மிஷினுக்கு அடியில் சேர்கிற பஞ்சு, கட்டிலுக்குக் கீழ் முடி, எல்லாம் வாக்குவம் போட்டு அந்தப் பையை அன்றைக்கே வெளியே எறிந்தேன். அந்தப் பஞ்சும் முடியும்தான் புழுவுக்கு மாசக்கணக்கில் சோறு போடும்.

பாச்சை உருண்டையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். புகுந்துவிட்ட புழுவைத் திறந்த அலமாரியில் போட்ட இரண்டு உருண்டை ஒன்றும் செய்யாது, காற்றுப் புகாத பெட்டியில் அதன் புகை அடர்ந்து நின்றால்தான் வேலை செய்யும், அந்தப் புகை நமக்கும் நல்லதில்லை. நாப்தலீன் வைத்த துணியைக் கைக்குழந்தைக்குப் போர்த்தவே கூடாது, ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகிவிடும், குறைபாடு இருப்பது பலருக்குத் தெரிந்தே இருக்காது. எங்கள் மாமியார் பட்டுப் புடவையைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வசம்புத் துண்டு வைப்பார். வசம்பு புழுவைக் கொல்லும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை எல்லாப் புடவையையும் எடுத்து உதறி மடிப்பு மாற்றி வைக்கிறாரே, உண்மையான காவல் அதுதான். இருட்டில் அசையாமல் கிடக்கிற மடிப்புதான் இந்தப் புழுவுக்கு வேண்டியது.

இப்போது பட்டோ உல்லனோ எது வந்தாலும் பார்க்க நன்றாக இருந்தாலும் தையல் அறைக்குள் நேராக வராது, வராந்தாவில் பிரித்து, உருளையைத் தூக்கி எறிந்து, தட்டையாக மடித்து, தம்பியின் ஃப்ரீசருக்கு ஒரு சுற்று போய்த்தான் வரும். பிளவுஸ் கணக்கு அவர் வீட்டம்மாவிடம் தனியாக ஓடுகிறது. காட்டனுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை, வெந்நீரில் அலசிக் காயப்போட்டால் போதும், எவ்வளவு சுருங்கும் என்பதும் தைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.