ஆறிப்போன சமோசா

மியான்மரின் யாங்கோனில் முன்பெல்லாம் டீக்கடைக்குப் போனால் தெருமுனையிலேயே பேச்சுச் சத்தம் கேட்கும். நேற்று சாயங்காலம் பக்கத்து மேஜையில் நான்கு பையன்கள், நான்கு போன். தட்டில் சமோசா ஆறி, எண்ணெய் உறைந்து கிடந்தது. ஒருவரும் நிமிரவில்லை.

ஒரு காலத்தில் இங்கே சிம் கார்டு வாங்கப் பல லட்சம் கியாட் வேண்டும். 2014-ல் அது 1,500 கியாட்டுக்கு வந்தது. வீட்டில் லேண்ட்லைன்கூடப் பார்க்காதவர்கள் கைக்கு நேராக ஸ்மார்ட்போன் வந்தது, அதோடு பேஸ்புக்கும். எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. வெறுப்பும் வதந்தியும் பரவி எத்தனை குடும்பங்கள் சிதைந்தன! வன்முறையைத் தூண்டத் தங்கள் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

சரி, நாட்டு விஷயம் இருக்கட்டும். எங்கள் சித்தி யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டே வாரம். அடுப்படியில் தலைசுற்றி விழுந்து, நெற்றியில் மூன்று தையல். "வீடியோவில் டாக்டர் கோட்டுப் போட்டிருந்தாரே தம்பி" என்கிறார், பாவம்.

இப்போது தினமும் காலையில் நானே போய், மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.