உறைந்த குழாயும் குப்பைக்குப் போன இரண்டு அங்குலத் துண்டும்

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் இருந்தவர்களுக்கு அந்தப் பனிப்புயல் வாரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் போனது, குளிரில் நடுங்கியது எல்லாம் எல்லோருக்கும் பொது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்களே, எங்களுக்கு அது தண்ணீராகக் கொடுத்தது. அந்தக் கதையை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே. ஞாயிற்றுக்கிழமையே சொன்னதையெல்லாம் செய்தோம். குழாய்களைச் சொட்டவிட்டோம், சிங்க் அடியில் உள்ள கதவுகளைத் திறந்து வைத்தோம், தோட்டத்துக் குழாய்க்கு ஃபோம் தொப்பி மாட்டினோம். மாடியில் விருந்தாளிகளுக்கான குளியலறையை மட்டும் விட்டுவிட்டோம். யாரும் புழங்காத இடம், அங்கே எதற்குத் தண்ணீரை வீணாக்க வேண்டும் என்று நினைத்தது நான்தான். ஊர்ப் புத்தி.

திங்கள் அதிகாலை கரண்ட் போனது. ஹீட்டர் கேஸில் ஓடுவதுதான், ஆனால் அதன் விசிறிக்குக் கரண்ட் வேண்டும். செவ்வாய் காலை மைனஸ் 2 பாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 19. சமையலறைக் குழாயில் காற்றுகூட வரவில்லை.

இங்கே ஒரு குழப்பம். சுத்திகரிப்பு நிலையங்களுக்கே கரண்ட் இல்லாமல் பல ஊர்களில் தண்ணீர் அழுத்தம் குறைந்திருந்தது. அப்படியானால் உறைந்தது நம் குழாயா, ஊர்த் தண்ணீரே நின்றுவிட்டதா? வீட்டில் இருக்கிற எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். எங்கள் கீழ்த்தளக் குளியலறையில் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் சிக்கல் நம் வீட்டுக்குள் என்று தெரிந்தது. இது தெரிவதற்கு முன்பே நகராட்சி எண்ணுக்கு ஒரு மணி நேரம் போன் போட்டு, காத்திருப்பு இசையில் பாட்டரியைத் தீர்த்துவிட்டேன்.

எங்கே கேட்டாலும் ஹேர் டிரையரைக் காட்டு என்றார்கள். கரண்ட் இல்லாத வீட்டில் ஹேர் டிரையர்! கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து, வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரைக் காய்ச்சி, அதில் நனைத்த துண்டுகளைச் சிங்க் அடியில் இருந்த குழாயில் சுற்றினோம். குழாயின் வாயைத் திறந்தே வைத்து, வாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆனது. முதலில் ஒரு இருமல், அப்புறம் பழுப்பாக ஒரு கொப்பளிப்பு, பிறகு தண்ணீர். மனைவி கைதட்டினாள். நெருப்பை நேரடியாகக் குழாயில் காட்டாதீர்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே வராதீர்கள், அந்த வாரம் கார்பன் மோனாக்சைடில் குடும்பத்தோடு செத்தவர்கள் உண்டு.

அம்மாவுக்குப் போன் போட்டபோது கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு குடம் தண்ணிகூடப் பிடிச்சு வைக்கலையாடா?" கோவில்பட்டியில் வளர்ந்தவன் நான். பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் தெருவில், கட்டிலுக்கு அடியில்கூட குடம் இருக்கும். இங்கே வீட்டில் இருந்தது ஒரே ஒரு பக்கெட்.

புதன் மாலை கரண்ட் வந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. பதினொரு மணிக்கு மாடியில் மழை பெய்கிற சத்தம்.

இந்த ஊர் வீடுகளுக்குப் பெரும்பாலும் பேஸ்மென்ட், அதாவது நிலத்தடி அறை, கிடையாது. தண்ணீர்க் குழாய் சுவருக்குள் ஏறி, பரண் வழியாக ஓடும். வீட்டுச் சூடு பரணுக்குப் போகாமல் கீழேயே பஞ்சு போட்டுத் தடுத்திருப்பார்கள், அதனால் பரணில் கிடக்கிற குழாய்க்கு வெளிக்குளிர்தான். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். உறைந்த இடத்துக்கும் மூடியிருக்கும் குழாய் வாய்க்கும் நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, செப்புக் குழாயே கிழிந்துவிடும். கிழிந்தது தெரியாது, ஏனென்றால் பனிக்கட்டியே அடைப்பாக நிற்கிறது. உருகினால்தான் கொட்டும். நான் திறக்காமல் விட்ட அதே குளியலறையின் குழாய்.

வராந்தாவின் கூரைப்பலகை பெரிய வயிறு போலத் தொங்கியது. மெயின் வால்வு எங்கே? ஆறு வருடம் குடியிருந்த வீட்டில் எனக்குத் தெரியவில்லை. கராஜில் தேடினேன், தண்ணீர் ஹீட்டர் பக்கம் இருந்த ஏதோ ஒன்றைத் திருகினேன். அது சுடுதண்ணீர் வால்வு. தெருவோர மீட்டர் பெட்டி பனிக்கு அடியில். எதிர்வீட்டுப் பெரியவர் என் கூச்சலைக் கேட்டு, 'டி' வடிவ இரும்புச் சாவியோடு செருப்புக்காலில் வந்தார். மண்வெட்டியால் மூடியை நெம்பி, வால்வைக் கால் திருப்பு திருப்பினார். வால்வின் காது குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியது என்று அர்த்தம். இதைச் சொல்லிவிட்டு, தண்ணீர் ஹீட்டரை பைலட்டில் வை, சின்னத் தீ மட்டும் எரியட்டும் என்றார். மொத்தம் இருபது நிமிடம் ஓடியிருக்கும். கூரைப்பலகை அதற்குள் கீழே.

பிளம்பர்களுக்கு நாற்பது போன். பாதிப்பேர் எடுக்கவில்லை, எடுத்தவர்கள் இரண்டு வாரம் என்றார்கள். மூன்று ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அரை அங்குலக் குழாய்ச் சாமான் இருந்த தட்டெல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி காலி. நாலாவதாக நண்பனிடம் குழாய் முனையை அடைக்கிற ஒரு மூடி கிடைத்தது, அழுத்திச் செருகினால் போதும், பற்றவைக்க வேண்டியதில்லை. பரணில் தவழ்ந்துபோய், கிழிசலுக்கு முன்னால் குழாயை அறுத்து மூடியைச் செருகினேன். வால்வைத் திறந்தபோது மூடியில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. மாடிக் குளியலறையைத் தவிர மற்ற குழாயிலெல்லாம் தண்ணீர் வந்தது. அன்று குளித்த குளியல்! சரி, அது வேறு கதை. நீங்கள் இன்றே அரை அங்குல மூடி இரண்டு வாங்கி அலமாரியில் போட்டுவையுங்கள்.

பதினோராவது நாள் பிளம்பர் வந்தார், வெளி மாநிலத்துக்காரர். டெக்சாஸ் அப்போது வெளி மாநிலத்தாருக்கும் தற்காலிக அனுமதி கொடுத்திருந்தது. ஒரு மணி நேர வேலை. கிழிந்த துண்டை வெட்டியெடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். நானும் நன்றி சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் இன்ஷூரன்ஸ்காரர் போனில் கேட்ட முதல் கேள்வி, உடைந்த குழாய்த் துண்டு எங்கே. அடுத்த நாள் குப்பை வண்டி வரும் நாள். இரவு ஒன்பது மணிக்கு, டார்ச்சோடு, நனைந்த பஞ்சுக்கும் பழைய சாம்பாருக்கும் நடுவில் கையைவிட்டுத் தேடினேன். இரண்டு அங்குலம். ஒரு ஓரம் மீன் வாய் மாதிரி பிளந்திருந்தது. ஸ்கேலோடு வைத்துப் படம் எடுத்தேன்.

கிளெய்ம் கிடைத்தது, ஆனால் தண்ணீர் கெடுத்த கூரைக்கும் கார்ப்பெட்டுக்கும்தான். குழாயைச் சரிசெய்த செலவு நம் தலையில். டிடக்டிபிள், அதாவது கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, வீட்டு மதிப்பில் 1 சதவீதம் என்று பாலிசியில் எழுதியிருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன், அது ஆயிரக்கணக்கான டாலர். ஈரமான பலகையைப் பிய்ப்பதற்கு முன் எடுத்த வீடியோதான் காப்பாற்றியது. அதுவும் மகள் விளையாட்டாக எடுத்தது. 'குளிர்காலத்தில் ஹீட்டரை ஓடவிட்டிருந்தீர்களா' என்று இரண்டு முறை கேட்டார்கள். ஊருக்கே கரண்ட் இல்லை என்பதை ஒரு மின்னஞ்சலில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மே மாதம் கூரையைப் பூசினார்கள். புதிய பூச்சு பழையதோடு ஒட்டவே இல்லை, விளக்கைப் போட்டால் ஒரு பெரிய செவ்வகம் தெரியும். வரும் விருந்தாளிகள் எல்லாம் அண்ணாந்து பார்த்து, இது என்ன என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். மனைவி பதில் சொல்லிவிடுகிறாள்: "தண்ணியை மிச்சம் பிடிச்சார்."