முதல் வேட்டை ரைஃபிள்: எட்டரை மாதக் குறிப்புகள்

வேட்டை உரிமம் கைக்கு வந்த வாரமே ரைஃபிளும் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வந்தது நாலரை மாதம் கழித்து. அந்த நாலரை மாதமும் அதற்கடுத்த நான்கு மாதமும் ஒரு நோட்டில் கிறுக்கி வைத்ததை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஒழுங்கு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான்.

தேவை சிக்கலானதல்ல. மானும் காட்டுப்பன்றியும். எடை 40 கிலோவிலிருந்து 100 கிலோ வரை. தூரம் பெரும்பாலும் 150 மீட்டருக்குள். நாள் முழுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க முடிய வேண்டும். ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறேன். இரண்டாவதற்கு வீட்டில் அனுமதி கிடைக்காது.

முதல் மாதம்

காலிபர் பெயர்களில், அதாவது தோட்டா வகைகளின் பெயர்களில், ஏதோ ஒரு முறை இருக்கும் என்று நம்பிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு முறையும் இல்லை. .30-06 என்பதில் 30 குழலின் உள்விட்டம், அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு. 06 அது ராணுவத்தில் சேர்ந்த 1906ஆம் ஆண்டு. சரி, பிடிபட்டது என்று .30-30க்குப் போனால், அங்கே இரண்டாவது 30 ஆண்டு அல்ல, கூட்டில் அடைத்த வெடிமருந்தின் எடை. 6.5x55இல் 55 என்பது கூட்டின் நீளம், மில்லிமீட்டரில். .270இன் குண்டை அளந்து பார்த்தால் .277 அங்குலம். பெயர் வைத்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே இல்லை போல.

(குழப்பம் வராமலிருக்க ஒன்று: இந்தக் குறிப்பில் தோட்டா என்றால் முழுசு. குண்டு என்றால் குழலைவிட்டுப் பறக்கும் பகுதி. கூடு என்றால் பின்னால் மிஞ்சும் பித்தளை.)

பெயர்களை விட்டுவிட்டுக் குடும்பங்களாகப் பார்த்தபோதுதான் தலை தெளிந்தது. 1952இல் வந்த .308 வின்செஸ்டர் ஒரு குடும்பத்தின் மூத்தது. அதே கூட்டின் கழுத்தை ஒடுக்கினால் .243, அது 1955. கொஞ்சம் குறைவாக ஒடுக்கினால் 7 எம்எம்-08, ரெமிங்டன் 1980இல் கொண்டுவந்தது. மூன்றுக்கும் உடம்பு ஒன்று, கழுத்துதான் வேறு. .30-06 இன்னொரு குடும்பம். .270 அதன் கழுத்தை ஒடுக்கிப் பிறந்தது, 1925இல். இவற்றின் கூடு .308 குடும்பத்தைவிட 12 மில்லிமீட்டர் அதிக நீளம். அதனால் போல்ட் (தோட்டாவை ஏற்ற இழுத்துத் தள்ளும் தண்டு) இன்னும் பின்னால் வர வேண்டும், துப்பாக்கியும் கொஞ்சம் நீளும், கனக்கும். 2007இல் வந்த 6.5 கிரீட்மோரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது செய்யும் வேலையில் பெரும்பகுதியைப் 19ஆம் நூற்றாண்டுத் தோட்டாவான 6.5x55 நூறு வருடமாகச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

இவற்றில் எதை எடுத்தாலும் என் தேவைக்குப் போதும் என்பது முதல் மாதக் கடைசியில் தெரிந்துவிட்டது. .243 மட்டும் எல்லைக்கோட்டில் நின்றது. மானுக்குத் தாராளம், பெரிய பன்றிக்கு நல்ல குண்டும் நல்ல கையும் வேண்டும். ஜெர்மன் வேட்டைச் சட்டம் இதை எண்ணிலேயே எழுதி வைத்திருக்கிறது. சிறிய ரோ மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல் போதும். அதைவிடப் பெரிய மானுக்கும் பன்றிக்கும் குறைந்தது 6.5 மி.மீ. விட்டமும் 2000 ஜூலும். .243இன் விட்டம் 6.2 மி.மீ. கூட வராது, எனவே அங்கே அது பன்றிக்கு ஆகாது. எனக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் அனுபவப்பட்ட ஒருவர் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் இன்னும் ஐந்து வாரம் அட்டவணைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். 300 மீட்டரில் எது எத்தனை விரல்கடை குறைவாக இறங்குகிறது என்றெல்லாம். அதுவரை நான் 100 மீட்டரில்கூட ஒரு தோட்டா சுட்டதில்லை.

மூன்றாம் மாதம்: அண்ணன் வைத்த பரீட்சை

சுடுதளத்தில் எனக்குச் சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அறுபது தாண்டியவர். அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இதுல உன் தோள் எங்கே இருக்கு தம்பி?" என்று கேட்டுவிட்டு, தன்னுடைய .30-06ஐ எடுத்து நீட்டினார். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) மூன்று கிலோ இருக்குமா என்பதே சந்தேகம், அவ்வளவு லேசு. மலை ஏற வாங்கியதாம்.

முதல் நான்கு தோட்டா நன்றாகவே போனது. எட்டாவதுக்குப் பிறகு அட்டையில் ஓட்டைகள் கீழே, இடது பக்கமாக நகர ஆரம்பித்தன. ஸ்கோப் ஏதோ ஆகிவிட்டது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "திரும்பி நில்லு, நான் போட்டுத் தர்றேன்" என்று ஒவ்வொரு தோட்டாவாகத் தானே போட்டு, போல்ட்டை மூடிக் கையில் கொடுத்தார்.

மூன்றாவதோ நான்காவதோ, விசையை அழுத்தினேன். 'டக்' என்று மட்டும் கேட்டது. டம்மி தோட்டா. வெடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஆனால் குழலின் முனை ஒரு சாண் கீழே குத்தியது. என் வலது தோள் முன்னால் தள்ளியிருந்தது, கண் இறுக மூடியிருந்தது, இடது கை பிடியை நெரித்துக்கொண்டிருந்தது. இத்தனையும் என்னைக் கேட்காமல் நடந்திருக்கிறது. வெடிச் சத்தமும் உதையும் சேர்ந்து இதை மறைத்துவிடுகின்றன. டம்மிதான் காட்டிக்கொடுத்தது.

இதற்கு ஃபிளிஞ்ச் என்று பெயர். உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கிக்கொள்வது. அண்ணன் அடுத்து .243ஐக் கொடுத்தார், கொஞ்சம் கனமான துப்பாக்கி. இருபது தோட்டா. நடுவில் ஐந்து டம்மி. ஒன்றில்கூட முனை அசையவில்லை. .243இன் உதை .30-06இன் உதையில் ஏறக்குறையப் பாதிதான். துப்பாக்கியின் கனமும் சேரும்போது வித்தியாசம் இன்னும் கூடுகிறது.

அன்று இரவு நோட்டில் எழுதியது: "தோட்டாவின் பலம் அல்ல, இருபதாவது தோட்டா வரை கண் திறந்திருப்பதுதான் கணக்கு." அட்டவணையைக் கிழிக்கவில்லை, மடித்து வைத்தேன்.

உதையைக் குறைக்கக் குழல் முனையில் பிரேக், அதாவது வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளைக்குழாய், போடலாமே என்று ஒரு யோசனை ஓடியது. அண்ணன் கேட்டவுடனே தலையை ஆட்டிவிட்டார். சத்தம் பக்கவாட்டில் சுடுபவர் பக்கமே திரும்பும். ரைஃபிள் சத்தம் எப்படியும் 140 டெசிபலுக்கு மேல், காதுக்கு ஒரே முறையில் கேடு செய்யும் அளவு. நான் காதடைப்பான், அதன்மேல் காதுமூடி என்று இரண்டும் போட்டுத்தான் பழகுகிறேன். ஆனால் காட்டில் பக்கத்தில் நிற்பவருக்கு?

நான்காம் மாதம்: கட்டை

கட்டை என்றால் தோளில் வைத்துக் கன்னம் சாய்க்கும் பகுதி. ஆறேழு துப்பாக்கிகளைத் தோளில் வைத்துப் பார்த்த மாதம் இது. பெரும்பாலும் சுடவே இல்லை. அண்ணன் சொன்ன சோதனை எளிமையானது. துப்பாக்கி காலி என்று போல்ட்டைத் திறந்து இரண்டு முறை பார். குழலைப் பத்திரமான பக்கம் திருப்பு. கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் சாய். இப்போது கண்ணைத் திற. ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் அது உன் துப்பாக்கி. ஓரத்தில் கருப்புப் பிறை தெரிந்து, அதைப் போக்கக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் இன்னொருவருடையது.

எனக்குக் கை கொஞ்சம் குட்டை. சாதாரணமாக விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை 34, 35 செ.மீ. விடுகிறார்கள். எனக்கு 33 போதும். நீளமான கட்டை குளிர்காலச் சட்டையில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் தோளின் குழியில் உட்காராமல் புஜத்தில் உட்காரும். உதை அங்கேதான் வலிக்கிறது. .30-06 என்னை அவ்வளவு பயமுறுத்தியதில் பாதிப் பங்கு அந்தக் கட்டையின் நீளத்துக்கு என்று பிறகுதான் புரிந்தது.

கடைசியில் வாங்கியது 7 எம்எம்-08. போல்ட் ஆக்‌ஷன், செயற்கைக் கட்டை, 56 செ.மீ. குழல், ஸ்கோப் இல்லாமல் 3.1 கிலோ. கட்டையின் பின்னால் கழற்றி மாட்டும் தகடுகள் உண்டு. ஒன்றைக் கழற்றியவுடன் வட்டம் முழுசாகத் தெரிந்தது. 140 கிரெயின், அதாவது 9 கிராம் குண்டு, நொடிக்குச் சுமார் 850 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. உதை .243க்கும் .308க்கும் நடுவே. இதே துப்பாக்கி .308இல் இருந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். 3-9x40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 40 மி.மீ.), அதிகம் யோசிக்கவில்லை.

ஐந்தாம் மாதம்: ஒரு திருகு

முதலில் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியே 25 மீட்டர் அட்டையைப் பார்த்து ஸ்கோப்பை ஒத்துப் போக வைத்தேன். முதல் குண்டு நாலு செ.மீ. இடதில். ஸ்கோப்பின் திருகுமுனையில் ஒரு கிளிக் ஏழு மி.மீ. என்று படித்திருந்ததால் ஆறு கிளிக் திருப்பினேன். ஒரே ஒரு செ.மீ. நகர்ந்தது. ஏழு மி.மீ. என்பது 100 மீட்டரில் அல்லவா! 25இல் அதில் கால் பங்குதான். இருபது கிளிக்குக்கு மேல் வேண்டியிருந்தது. அந்தத் தூரத்தில் குண்டு ஒன்றரை செ.மீ. கீழே விழும்படி விட்டுவிட்டு 100க்குப் போனேன். ஸ்கோப் குழலுக்கு மேலே நாலு செ.மீ. உயரத்தில் இருப்பதால் அப்படி.

100 மீட்டரில் கூத்து ஆரம்பித்தது. மூன்று குண்டு நடுவில், அடுத்த மூன்று பத்து செ.மீ. மேலே. தோட்டாவின் பிராண்டை மாற்றினேன். இன்னொரு பிராண்ட். மூன்று பெட்டி காலி, மூன்று சனிக்கிழமை காலி. வேறு காலிபரே வாங்கியிருக்கலாமோ என்று மடித்து வைத்த அட்டவணையைத் திரும்பப் பிரித்துவிட்டேன். அண்ணன் வந்து ஸ்கோப்பைக் கட்டை விரலால் லேசாக அழுத்தினார். "தம்பி, முதல்ல திருகைப் பாரு." ஸ்கோப்பை ஏந்தும் அடித்தகட்டில் முன் திருகு விரலாலேயே சுற்றியது. மாட்டித் தந்த கடையில் இறுக்க மறந்திருக்கிறார்கள். நானும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு, அளவு காட்டும் திருப்புளியால் இறுக்கினோம். திருகின் தலையிலும் தகட்டிலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு விலகினால் திருகு நகர்ந்திருக்கிறது.

அதற்கப்புறம் மூன்று குண்டுகள் மூன்று செ.மீ.க்குள் விழுந்தன. சந்தோஷத்தில் படம் எடுக்கப் போனேன். பத்து சுடு, பிறகு எடு என்றார். பத்து குண்டுகள் ஐந்தரை செ.மீ.யில் பரவின. அதுதான் உண்மையான அளவு. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறக்குறைய 20 செ.மீ. வட்டம், எனவே இது தாராளம்.

ஆறு, ஏழாம் மாதம்: என் தூரம்

மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவதை நிறுத்தியாயிற்று. 20 செ.மீ. காகிதத் தட்டு, 100 மீட்டர், ஒவ்வொரு நிலையிலும் பத்து தோட்டா.

நின்று: 4. மண்டியிட்டு: 6. உட்கார்ந்து, முழங்கை முட்டிக்குள்: 8. மூன்று கால் குச்சியில் வைத்து: 10.

இதே குச்சியில் 150 மீட்டரில் 9. 200இல் 6. இந்தத் தோட்டா 100 மீட்டருக்குச் சரிசெய்தால் 150இல் நாலு செ.மீ. இறங்குகிறது, 200இல் அரைச் சாணுக்குச் சற்று மேல், 300இல் ஒரு முழம். முழத்துக்கும் அரைச் சாணுக்கும் நான் மாதக்கணக்கில் கணக்குப் போட்டிருந்தேன். 200இல் தவறவிட்ட அந்த நான்கும் தட்டின் இடதிலும் வலதிலும்தான் போயிருந்தன, கீழே அல்ல. அரைச் சாணைக் கூட்டிக் குறிவைப்பது சுலபம், ஆடுகிற கையை எந்த அட்டவணையும் சரிக்கட்டாது. என் எல்லை குச்சியோடு 150, குச்சியில்லாமல் 70 என்று கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதிவிட்டேன்.

தினமும் மாலையில் பத்து நிமிடம் வெறும் விசைப் பயிற்சி. தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கும். குழலின் முனையில் ஒரு நாணயத்தை வைத்து, விசை விழும்போது அது விழக் கூடாது. முதல் வாரம் சிணுங்கிக்கொண்டே விழுந்தது.

எட்டாம் மாதம்

மூன்று நாள் போனோம். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் 130 மீட்டரில் பன்றி, குச்சியைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் புதருக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை இளம் ஆண் மான், 84 மீட்டர், பக்கவாட்டில். குச்சியில் வைத்தேன். உதை நினைவில் இல்லை, போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றியதும் நினைவில் இல்லை, கூடு மட்டும் காலடியில் கிடந்தது. மான் முப்பது, நாற்பது அடி ஓடி விழுந்தது. நுரையீரல் இரண்டையும் கடந்து குண்டு மறுபக்கம் வெளியேறியிருந்தது. வெளிப்புற ஓட்டை கட்டைவிரல் அகலம். தோள் இறைச்சி கெடவில்லை.

இப்போது நிற்கும் இடம்

அடுத்த பருவத்தில் நாங்கள் போகும் ஒரு பகுதியில் ஈயக் குண்டு கூடாது. முழுச் செப்புக் குண்டு பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, ஒரே எடைக்கு நீளம் கூடும். அதனால் 140க்குப் பதில் 120 கிரெயின் எடுத்தேன். அது விழுகிற இடமும் வேறாக இருக்கும், 25 மீட்டரிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். இந்த முறை கிளிக் கணக்கைத் தூரத்தோடு சேர்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நகப்பூச்சுக் கோடு இன்னும் நேராகவே இருக்கிறது. பழைய பெட்டியில் 14 தோட்டா மீதி, அவை நின்று சுடும் பயிற்சிக்கு. போன சனிக்கிழமை பத்துக்கு ஐந்து.