மெதுவாக வரும் பந்தை வேலி தாண்ட அடிப்பது

பேஸ்பால் வகையைச் சேர்ந்த ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பாலில் பந்து, அதை வீசுபவரான பிட்சரின் கையை விட்டு நம்மிடம் வந்து சேர ஒன்றேகால் விநாடிக்கு மேல் ஆகிறது. 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் கிரிக்கெட் பந்து வீசினால் அரை விநாடிதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலாவது சின்னப் பிள்ளைகள் வேலை மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் முதல் இரண்டு சீசன்களில் நான் அடித்த பந்துகளில் பாதிக்கு மேல் உயரமாகப் போய் அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் தொலைப்பகுதியில், நிற்பவரின் கையில் விழுந்தன. ஏன் அப்படி, அப்புறம் எது மாறியது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிகாகோவின் மேற்குப் புறநகரில் இருக்கிறேன். இங்கே பெரும்பாலான ஊர்களுக்குப் பார்க் டிஸ்ட்ரிக்ட் என்று ஒன்று உண்டு, பூங்காக்களையும் மைதானங்களையும் பார்த்துக்கொள்வது அவர்கள்தான், கோடையில் சாஃப்ட்பால் லீக் நடத்துவதும் அவர்கள்தான். அலுவலகத்தில் ஓர் ஆள் குறைகிறது, வருகிறாயா என்று கேட்டார்கள், போனேன். இந்த விளையாட்டே பிறந்தது சிகாகோவில் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 1887-ல் தேங்க்ஸ்கிவிங் நாளன்று ஃபாராகட் படகுக் கிளப்பில் ஹார்வர்டு - யேல் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர் பழைய குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் கழியால் அதை அடிக்க, ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையையே கட்டிப் பந்தாக்கி உள்ளரங்க ஆட்டமாக ஆரம்பித்து வைத்தார். 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தை கையுறை இல்லாமல் பிடிக்கிற பழைய ஆட்டம் இந்த ஊரில் இன்றும் நடக்கிறது. நாங்கள் ஆடுவது மற்ற இடங்களில் ஆடுகிற 12 அங்குலப் பந்து.

ஆட்டம் எளிமையானது. பிட்சர் 50 அடி தூரத்திலிருந்து கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தைத் தூக்கிப் போடுகிறார். அது வளைவாக வர வேண்டும், அந்த வளைவின் உச்சி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. களத்தில் பத்துப் பேர், அதில் நான்கு பேர் அவுட்ஃபீல்டில். எங்கள் மைதானத்தில் வேலி 300 அடியில் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஹோம் ரன்.

இப்போது கொஞ்சம் கணக்கு, ஏனென்றால் என் கண்ணைத் திறந்தது இந்தக் கணக்குதான். 10 அடி உயரம் போய் இறங்கும் பந்து நம்மிடம் வரும்போது மணிக்கு ஏறக்குறைய 30 மைல் வேகத்தில், சுமார் 30 பாகைச் சரிவில் இறங்குகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஆலன் நேதன் பேஸ்பாலுக்குச் சொல்கிற எளிய சூத்திரம் ஒன்று உண்டு. வரும் பந்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மட்டை வேகத்தில் 1.2 மடங்கு, இரண்டையும் கூட்டினால் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம். சாஃப்ட்பாலுக்கு இந்த எண்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம், ஆனால் விஷயம் புரிந்துவிடும். 30 மைலில் வரும் பந்து கொடுப்பது வெறும் 6 மைல். மட்டையை 65 மைலில் சுழற்றினால் அது கொடுப்பது 78. மட்டை வேகத்தை 5 மைல் கூட்டினாலே, பிட்சர் கொடுத்த மொத்தத்துக்கும் சமமான இன்னொரு 6 மைல் கிடைத்துவிடுகிறது. கிரிக்கெட்டில் வேகப்பந்தை லேசாகத் தட்டிவிட்டால்கூட எல்லைக்கோட்டுக்கு ஓடும், பந்து தன் வேகத்தை நமக்குக் கடனாகத் தருகிறது. இங்கே கடன் கிடையாது. எல்லாம் நம் கைமுதல்.

நான் கும்பகோணத்துப் பக்கம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். பந்து விழும் இடத்துக்குக் காலைக் கொண்டுபோ, தலையைப் பந்துக்கு மேலே கொண்டுவா, குறுக்கு மட்டை போடாதே. இந்த மூன்றும் உடம்பில் ஊறிப்போனவை. சாஃப்ட்பாலில் மூன்றும் எதிராக வேலை செய்தன. பந்து மெதுவாக வருகிறதே என்று முன்காலை நீட்டி அதை நோக்கிப் போவேன், தலையும் தோளும் கூடவே போகும், பந்து இன்னும் வந்து சேர்ந்திருக்காது, இடுப்பு திரும்பி முடிந்திருக்கும், மிச்சம் இருப்பது கை மட்டும். கையை மட்டும் வைத்து அடித்த பந்து 220 அடி போய் விழும். அங்கே சரியாக ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

எங்கள் அணியில் அறுபதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். ஒல்லியான ஆள், முட்டியில் பட்டை கட்டிக்கொண்டுதான் ஓடுவார். அவர் அடிக்கிற பந்து என் பந்தைவிட 40, 50 அடி தள்ளி விழும். ஒரு நாள் ஆட்டம் முடிந்து காருக்கு நடக்கும்போது கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீ சீக்கிரம் கிளம்பிவிடுகிறாய். ஐயோ, தாமதமாகிவிட்டதே என்று உனக்குத் தோன்ற வேண்டும், அதற்கப்புறம் அடி."

அன்று இரவு அதையே யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கிட்டிப்புள் ஞாபகம் வந்தது. சென்னைக்காரர்கள் கில்லி என்பார்கள். புள்ளின் முனையைக் கிட்டியால் தட்டினால் அது எழும்பும், எழும்பின உடனே வீசினால் நுனியில் பட்டுப் பக்கத்திலேயே விழும். எழும்பி, உச்சியில் ஒரு கணம் நின்று, இறங்க ஆரம்பிக்கும்போது முழு உடம்பையும் சுற்றி அடித்தால்தான் தெருக்கோடி வரைக்கும் போகும். அந்தப் புள்ளுக்கும் சொந்த வேகம் எதுவும் இல்லை. எட்டு வயதில் எனக்கு அது தெரிந்திருந்தது. இத்தனை நாளும் நான் கிரிக்கெட்டைக் கொண்டுபோய் இதில் வைத்துப் பார்த்தது தப்பு, வைத்துப் பார்த்திருக்க வேண்டியது கிட்டிப்புள்ளை.

சரி, உடம்பு எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

நிற்கும்போது, அடிப்பவருக்கான கட்டத்தின் பின்பக்கம் நிற்கிறேன், தரையில் பதித்திருக்கும் பிளேட்டிலிருந்தும் கொஞ்சம் தள்ளி. எடையில் பாதிக்கு மேல் பின்காலில். பந்து உச்சிக்கு ஏறி இறங்க ஆரம்பிக்கும் வரை எதுவும் செய்வதில்லை. இறங்கத் தொடங்கியதும் முன்கால் மெதுவாக ஓர் எட்டு வைக்கிறது, ஆனால் கையும் மட்டையும் பின்னாலேயே நிற்கின்றன. இந்தக் கணத்தில் இடுப்புக்கும் தோளுக்கும் இடையே ஓர் இழுவிசை தெரியும், விலாவில் ஏதோ முறுக்கிக்கொள்வது மாதிரி. அது தெரியவில்லை என்றால் கை முன்னாலேயே போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் முன்கால் ஊன்றி, முட்டி நிமிர்ந்து விறைக்கிறது. ஓடும் சைக்கிளின் முன் பிரேக்கைப் பிடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வருமே, அதே மாதிரி முன்கால் நின்றதும் இடுப்பு சுழல்கிறது, இடுப்பைத் தொடர்ந்து தோள், தோளைத் தொடர்ந்து கை, கடைசியில் மட்டை. தலை மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

கைப்பிடி இறுகக் கூடாது. பலமாக அடிக்க வேண்டும் என்று நினைத்தவுடனேயே முன்கை இறுகிவிடும், இறுகிய கை மெதுவாகத்தான் சுழலும். படித்துறையில் துணி துவைப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாள் முழுக்க அடிக்கிறார்கள், பிடி தளர்வாகத்தான் இருக்கும், வேலை முழுவதும் இடுப்பில் நடக்கும். (கிரிக்கெட்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரும். கைப்பிடி நுனியில் இருக்கும் கையை நாம் மேல்கை என்போம், இங்கே அதே கையைக் கீழ்க்கை என்கிறார்கள், மட்டையை நிமிர்த்திப் பிடிப்பதால். கீழ்க்கையால் இழு என்று யாராவது சொன்னால் எந்தக் கை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

பந்தைச் சந்திக்கும் இடம், வலது கைக்காரர் நடுவில் அடிப்பதென்றால் முன்காலுக்கு நேரே, இடப்பக்கம் இழுத்து அடிப்பதென்றால் அதற்கு ஒரு சாண் முன்னால். வெளியே விழும் பந்தை இழுக்கப் பார்த்தால் தரையில் உருளும், அதை எதிர்ப்பக்கமே அனுப்ப வேண்டும்.

பந்து சரிவாக இறங்குவதால் மட்டையும் கொஞ்சம் மேல்நோக்கி வர வேண்டும். கொஞ்சம்தான். கிளம்பும் கோணம் 25 முதல் 30 பாகைக்குள் இருந்தால் தூரம் கிடைக்கும். பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே பட்டால் அது பின்சுழற்சியோடு கிளம்பி காற்றில் இன்னும் கொஞ்சம் தங்கும். ஆனால் தூக்க வேண்டும் என்ற ஆசையில் பின்தோளைத் தாழ்த்தினால் நேரே மேலே போய் நம் தலைக்கு மேலேயே இறங்கும். நான் தூக்குவதைப் பற்றி யோசிப்பதே இல்லை. நடு அவுட்ஃபீல்டில் நிற்பவரின் தொப்பியைக் குறிவைத்து நேராக அடிக்கப் பார்க்கிறேன், அதில் கொஞ்சம் கீழே பட்டவை தானாகவே வேலியை நோக்கிப் போகின்றன.

மட்டையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 34 அங்குல நீளம், 26-லிருந்து 30 அவுன்ஸ் வரை எடை, இதுதான் வழக்கம். என்னுடையது 27, அதாவது கிரிக்கெட் மட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எடைதான். நுனியில் எடை கூடியது வாங்கலாமா என்றால், வேகம் குறையாமல் சுழற்ற முடிகிறவர்கள் வாங்கலாம், முதல் சீசனில் வேண்டாம். கலவை நார் (காம்போசிட்) மட்டைகள் சில நூறு முறை அடித்த பிறகுதான் நன்றாக இளகிவரும். அவற்றைக் குளிரில் எடுக்கக் கூடாது, 60 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே விரிசல் விடலாம். சிகாகோவில் ஏப்ரல், மே மாத மாலைகளில் அலுமினிய மட்டைதான். பந்தின் மேல் 52/300 என்று அச்சடித்திருக்கும். முதல் எண் அது எவ்வளவு எம்புகிறது என்பது, இரண்டாவது அதைக் கால் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது. ஜூலை வெயிலில் பந்து இளகிவிடும், அன்று தூரம் குறைந்தால் உங்கள் மேல் தப்பு இல்லை.

இனி எழுதப்போவது எனக்கு ரொம்ப முக்கியம். மட்டையின் உள்சுவரைச் சுரண்டி மெல்லிசாக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே பார்த்தால் தெரியாது, சான்றிதழ் முத்திரை அப்படியே இருக்கும். அமெச்சூர் சாஃப்ட்பால் அசோசியேஷன் 2004-ல் கொண்டுவந்த அளவுகோலின்படி சோதனையில் பந்து 98 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. 98 மைலில் கிளம்பும் பந்து 50 அடியைக் கடக்க மூன்றில் ஒரு விநாடிதான் ஆகும். அந்த 50 அடியில் நிற்பது யார்? போன வருடம் எங்கள் பிட்சரின் கன்னத்தில் பந்து பட்டு எலும்பு முறிந்தது. நாற்பத்தைந்து வயது மனிதர், இரண்டு குழந்தைகள், வியாழக்கிழமை சாயங்காலம் விளையாட வந்தவர். அந்த மட்டை சுரண்டப்பட்டதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் நான் சிரித்துக்கொண்டு நகர்வதில்லை. எங்கள் பிட்சர்கள் எல்லோரும் இப்போது முகக்கவசம் போடுகிறார்கள். உங்கள் அணியிலும் போடச் சொல்லுங்கள், தயவுசெய்து.

ஹோம் ரன் அடித்தே தீர வேண்டுமா என்றால், இல்லை. எங்கள் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு மூன்று ஹோம் ரன்தான், நான்காவது வேலி தாண்டினால் அவுட். நான்கு பேர் நிற்கும் அவுட்ஃபீல்டில் இரண்டு பேருக்கு நடுவே தாழ்வாகப் பறந்து வேலியில் போய் மோதுகிற பந்து எனக்கு இன்னும் பிடிக்கும், அதில் மூன்று பேஸ் (ஓடித் தொட வேண்டிய இடங்கள்) வரை ஓடலாம். ஆனால் அதற்கும் இதே பலம்தான் வேண்டும். வேலியைத் தாண்டும் பலம் இருக்கிறவரைக் கண்டால் நான்கு பேரும் பத்தடி பின்னால் போய் நிற்பார்கள், அவர்களுக்கு முன்னால் விழுகிற பந்துக்கெல்லாம் அப்போது இடம் கிடைக்கிறது.

பயிற்சிக்குப் பந்தை நிறுத்தி வைக்க டீ என்கிற ஒரு தாங்கி, ஒரு வலை, ஒரு வாளிப் பந்து போதும். கராஜில் வாரம் மூன்று நாள், நாளுக்கு ஐம்பது முறை அடிப்பேன். ஐம்பதுக்கு மேல் போனால் களைத்த உடம்பு மறுபடி கையால் அடிக்க ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குப் போய் என் மகளைப் பந்து போடச் சொல்கிறேன், பத்து வயது. பந்து உச்சிக்குப் போனதும் "இரு" என்று கத்துவது அவள் வேலை. இறங்கி என் நெஞ்சுக்கு நேரே வரும்போது "இப்போ" என்பாள். ஆரம்பத்தில் அவள் சொல்வதற்குள் நான் சுழற்றி முடித்திருப்பேன். இப்போதெல்லாம் பெரும்பாலும் அவள் குரல் முதலில் கேட்கிறது.