மேல் பல் ஆடினால் உடனே பிடுங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கமிருந்து பல் பிரிவுக்கு வருகிற நம் ஆட்களில் பலருக்குச் சர்க்கரை இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர் பல் ஆடுகிறது என்றால் ஈறு நோய் என்று எழுதி, ஊசி போட்டுப் பிடுங்கி அனுப்புவது வழக்கம். கொரோனா வந்து போனவரிடம் அப்படிச் செய்வதற்கு முன், சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் தாக்கும் கறுப்புப் பூஞ்சையா என்று பார்க்க ஐந்து நிமிடம் செலவழிக்க வேண்டும்.

இந்தியாவில் 2021 ஜூலைக்குள் 45,000-க்கும் மேற்பட்டோருக்குக் கறுப்புப் பூஞ்சை (மியூக்கர்) வந்தது. இங்கே அந்த அளவுக்கு வரவில்லை. அதனாலேயே யாரும் அதைத் தேடுவதுமில்லை.

ஈறு நோயில் பல் ஆட வருடக்கணக்காகும், காரை படிந்திருக்கும், இரண்டு பக்கமும் பாதிக்கும். பூஞ்சையோ சில வாரங்களில் வேலையைக் காட்டிவிடும், பெரும்பாலும் மேல் தாடையில் ஒரே பக்கத்தில். ஈறு பார்க்க ஓரளவு நன்றாகவே இருக்கும். ஒரு பல்லைப் பிடித்து அசைத்தால் பக்கத்துப் பற்களும் எலும்போடு சேர்ந்து ஒரே துண்டாக அசையும். குளிர்ச்சி வைத்தால் உணர்வு இருக்காது. ஈறில் இரண்டு மூன்று இடத்தில் சீழ்ப்புள்ளி. கன்னம் மரத்திருக்கிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

கூடவே வந்த பேத்தியிடம் கேளுங்கள்: ஆயாவுக்குக் காய்ச்சல் எப்போது, ஆக்சிஜன் வைத்தார்களா, ஸ்டீராய்டு எத்தனை நாள்? ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள் என்பதுதான் கணக்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர் வீட்டில் விழுங்கியதும், பத்து நாளுக்குப் பிறகும் தொடர்ந்ததும்தான் கவலை. இப்போதைய சர்க்கரை அளவை அங்கேயே விரலில் குத்திப் பாருங்கள்.

மேல் தாடைக்கு ரத்த ஓட்டம் தாராளம். எலும்பில் சீழ் பிடிப்பது பொதுவாகக் கீழ்த்தாடையில்தான். ஆனால் இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்க்குள்ளேயே புகுந்து அடைத்துவிடுவதால் எலும்பு பட்டினியில் சாகிறது. பல் பிடுங்கிய குழியில் ரத்தம் நிரம்பாமல், வறண்டு சாம்பல் நிற எலும்பு தெரிந்தால் அதுவே எச்சரிக்கை. அண்ணம் கறுப்பது பின்னால் வருவது, அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

பயாப்சிக்குத் திசுத் துண்டு எடுத்தால் இரண்டு குப்பி. ஒன்றில் ஃபார்மலின், மற்றதில் கிருமி நீக்கிய சலைன் (உப்புநீர்). எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் வளர்ப்புச் சோதனைக்கு வழியில்லை, அடிக்கடி நடப்பது இதுதான். சலைன் குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்காமல் அன்றே அனுப்புங்கள். படிவத்தில் ‘மியூக்கர் சந்தேகம், அரைக்க வேண்டாம்’ என்று பெரிதாக எழுதுங்கள். அரைத்தால் அதன் இழைகள் நொறுங்கிச் செத்துவிடும், சிறு துண்டாக நறுக்கினால் போதும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அன்றைக்கே விடை கிடைக்கும். அகலமான, நாடா போன்ற, குறுக்குத் தடுப்பு அநேகமாக இல்லாத, செங்கோணத்தில் கிளைக்கும் இழை என்றால் மியூக்கர். ஒல்லியாக, தடுப்புகளோடு 45 பாகையில் பிரிந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சையாக இருக்கலாம். அதற்குக் கேட்கும் வோரிகோனசோல் மருந்து மியூக்கரைத் தொடாது.

பிறகு காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவரின் வேலை: புது ரத்தம் கசியும் வரை செத்த பகுதியை வெட்டி எடுப்பது. பூஞ்சைக்கான மருந்து லைப்போசோமல் ஆம்போடெரிசின், உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 5 மி.கி. கிடைக்காத இடத்தில் பழைய ஆம்போடெரிசின் கிலோவுக்கு 1 மி.கி. இரண்டையும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸா என்று பயந்து சலைனுக்கு மாற்றினால் மருந்து திரிந்துபோகும். அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரைதான், இன்சுலினைச் சரிசெய்தால் போதும். சிறுநீரகத்தைக் காக்கும் சலைனை முன்கூட்டியே தனியாக ஏற்றி, குழாயை டெக்ஸ்ட்ரோஸால் கழுவிவிட்டு மருந்தைத் தொடங்க வேண்டும். பொட்டாசியம், மெக்னீசியம், கிரியேட்டினின் மூன்றையும் விடாமல் பார்க்க வேண்டும்.

அறுவையில் மேல் தாடை போனபின் குடித்த தண்ணீர் மூக்கால் வரும், பேச்சு புரியாது. அண்ணத்து ஓட்டையை மூடும் ஆப்டுரேட்டர் தட்டு அப்போதுதான் தேவை. அளவெடுக்கும்போது வாசலின் தடவிய துணியை நூல் கட்டிக் குழிக்குள் வையுங்கள், இல்லையென்றால் அச்செடுக்கும் ஆல்ஜினேட் கிழிந்து உள்ளே தங்கிவிடும். குழிக்குள் போகும் குமிழ் உள்ளீடற்றதாக இருந்தால்தான் தட்டு கனத்தில் இறங்காது. அதைக் கொக்கி போட்டுத் தாங்கப் போவது மறுபக்கத்து நல்ல பற்கள். முதல் நாள் அவசரத்தில் அவற்றையும் பிடுங்கிவிட்டால் தட்டு நிற்க இடமில்லை.